கியோட்டோல டீ செரிமனி போறோம், அம்மாவுக்கு முட்டி வலி, போயிட்டு வந்தவங்க சொல்லுங்க

கோவை_ஊர்சுத்தி

எல்லாருக்கும் வணக்கம். நவம்பர் ரெண்டாவது வாரம் ஜப்பான் போறோம், நான், வீட்டம்மா, எங்க அம்மா மூணு பேரு. டோக்கியோ நாலு நாள், கியோட்டோ அஞ்சு நாள். கியோட்டோல ஒரு டீ செரிமனி போயே ஆகணும்னு வீட்டம்மா ஒத்தக்கால்ல நிக்கிறாங்க, ஒரு வருஷமா ரீல்ஸ்ல அத பாத்துட்டே இருக்காங்க, மாட்சான்னு ஒரு பச்சை டீப் பொடிய போட்டு மூங்கில் துடைப்பத்தால அடிப்பாங்களே அது. எனக்கென்ன, டீக்கு கூப்பிட்டா எங்க வேணா போறவன். ஆனா நெட்ல படிக்கப் படிக்க வயித்தக் கலக்குது. பாயோட ஓரத்த மிதிக்கக் கூடாதாம், கிண்ணத்த இத்தன தடவ இந்தப் பக்கமா சுத்தணுமாம், அப்புறம் அந்தப் பக்கமா சுத்தணுமாம், பக்கத்துல இருக்கவங்க கிட்ட ஏதோ சொல்லிட்டுதான் குடிக்கணுமாம். டிஎன்பிஎஸ்சி க்ரூப் டூ எழுதப் போற மாதிரி இருக்கு.

எங்க நிலவரம் இதான். அம்மாவுக்கு 64 வயசு, ரெண்டு முட்டியும் தேய்மானம், வீட்டுல சாமி கும்பிடவே ஸ்டூல் போட்டுதான் உக்காருவாங்க, அங்க எல்லாரும் வஜ்ராசனத்துல ஒரு மணி நேரம் இருக்காங்க, நெனச்சே பாக்க முடியல. அடுத்து நாங்க சுத்த சைவம், முட்டையும் கிடையாது, டீக்கு முன்னாடி ஒரு ஸ்வீட் தர்றாங்களே அதுல என்னதான் இருக்கும்? அப்புறம் பாலும் இல்லாம சர்க்கரையும் இல்லாம இருக்குற டீய அம்மா எப்படி குடிப்பாங்கன்னு தெரியல, ஒரு வாய் குடிச்சிட்டு கீழ வெச்சிட்டா அந்தக்காலத்து சாமுராய் மாதிரி கத்திய எடுத்துருவாங்களா :)

போனவங்க யாராவது உண்மைய சொல்லுங்க. போலாமா வேண்டாமா.

டோக்கியோ_தமிழச்சி

அண்ணா தாராளமா போங்க. நான் இங்க 11 வருஷமா இருக்கேன், அதுல ஆறு வருஷமா மாசம் மூணு தடவ டீ க்ளாஸ் போறேன், உராசென்கேன்னு ஒரு பள்ளி. பள்ளின்னா பில்டிங் இல்ல, நம்ம சங்கீதத்துல பாணி சொல்வோம்ல அந்த மாதிரி. உராசென்கே, ஒமொத்தேசென்கே, முஷாகோஜிசென்கேன்னு பெருசா மூணு இருக்கு, மூணும் ஒரே ஆளோட வம்சம், சென் நோ ரிக்யூன்னு அந்தக் காலத்து டீ வாத்தியாரு. இத ஏன் முதல்ல சொல்றேன்னா, நீங்க நெட்ல படிச்ச ரூல்ஸ் ஒண்ணுக்கொண்ணு இடிக்கும், கிண்ணத்த சுத்துறதுல வித்தியாசம், டீல நுரை எவ்ளோ வரணும்ங்கிறதுல வித்தியாசம், எங்க பாணில நல்லா நுரை கட்ட அடிப்போம், ஒமொத்தேசென்கேல நுரை கம்மியா விடுவாங்க. எல்லாத்தையும் மனப்பாடம் பண்ணிட்டுப் போனா குழப்பம்தான் மிச்சம். விருந்தாளிக்கு அங்க வேலை ரொம்பக் கம்மி, கஷ்டம் பூரா டீ போடுறவங்களுக்குத்தான்.

முட்டி விஷயம்: நேரா புக் பண்ணும்போதே சொல்லிருங்க, அங்க போயி சொல்லாதீங்க. ஜப்பான்காரங்க வீட்டு வயசானவங்களுக்கே இப்ப முட்டி வலிதான், எங்க க்ளாஸ்லயே பாதி பேருக்கு 70 தாண்டிருச்சு, சின்னதா மரத்துல மணை மாதிரி ஒண்ணு இருக்கும், குதிகாலுக்கு நடுவுல வெச்சு உக்காந்துக்குவாங்க, வெளிய பாத்தா தெரியவே தெரியாது. அம்மாவுக்கு அதுவும் ஆகாதுன்னா நாற்காலி மேசை போட்டு பண்ற முறையே தனியா இருக்கு, ரியூரெய்னு பேரு, அப்படி இருக்கான்னு கேட்டு புக் பண்ணுங்க. இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க, உண்மையான டீ ரூம்ல வாசல் 66 சென்டிமீட்டர் உயரம்தான் இருக்கும், முட்டி போட்டு தவழ்ந்துதான் உள்ள போகணும். ராஜாவா இருந்தாலும் குனியணும், வாள வெளிய வெச்சிட்டு வரணும்னு அந்தக் காலத்துல வெச்சது. அம்மாவால முடியாது. ஆனா நிறைய இடத்துல நின்னபடி நுழையுற இன்னொரு வாசல் இருக்கும், கிநின்குச்சி, பெரிய மனுஷங்க வாசல்னு அர்த்தம். அது இருக்கான்னு மெயில்ல ஒரு வரி போடுங்க.

ஸ்வீட் பத்தி கவலை வேண்டாம், பெரும்பாலும் பயறு விழுது, அரிசி மாவு, சர்க்கரை, கடல்பாசி இவ்ளோதான். பூ மாதிரி இலை மாதிரி பிடிச்சு வெப்பாங்க. முட்டை மஞ்சக்கரு போட்ட சில ஐட்டம் உண்டு, கேக் மாதிரி இருக்குற காஸ்தெல்லால முட்டை கண்டிப்பா இருக்கும், அதனால ‘தமாகோ’ வேண்டாம்னு எழுதிருங்க, தமாகோன்னா முட்டை. ஆனா சாப்பாட்டோட சேந்த பெரிய செரிமனி எதுலயாவது மாட்டிராதீங்க, அது நாலு மணி நேரம் ஓடும், அதுல வர்ற சூப் எல்லாமே காய வெச்ச மீன சீவிப் போட்டு காய்ச்சின தாஷிதான், பாக்க வெறும் தண்ணி மாதிரி இருக்கும்.

கசப்புக்கு வருவோம். ஜாங்கிரி சாப்பிட்டு காபி குடிச்சா காபி சப்புன்னு ஆகிருமேன்னு நம்ம ஊர்ல ஸ்வீட்ட அப்புறம் வெச்சுக்குவோம், இங்க அதையே வேணும்னு பண்றாங்க. ஸ்வீட்ட முழுசா சாப்பிட்டு முடிக்கணும், டீ கூட சேத்து கடிச்சுக்கக் கூடாது. அந்த இனிப்பு நாக்குல இருக்கும்போதே டீ வரும். கிண்ணம்தான் பெருசு, உள்ள இருக்குறது ஒரு எழுபது மில்லி, நம்ம ஊரு கட்டிங் டீ அளவு கூட கிடையாது. மூணு வாய், மூணரை வாய், முடிஞ்சது. கடைசி வாய மட்டும் சர்ருன்னு சத்தம் போட்டு உறிஞ்சணும், குடிச்சு முடிச்சிட்டேன்னு அர்த்தம். அம்மாவுக்கு அது கைவந்த கலையா இருக்கும் பாருங்க.

சேலத்து_மாம்பழம்

மச்சா, மாட்சா குடிக்க போறியான்னு கேக்கத்தான் உள்ள வந்தேன் மன்னிக்கவும் 😂

சரி என் கதையையும் கேளுங்க, அனுபவம் உதவும். போன வருஷம் ஆபீஸ் வேலையா போனப்ப ஒரு இடத்துக்கு கூட்டிட்டுப் போனாங்க, பேரு வேண்டாம், தப்பு என்னோடதுதான். வெளிய செருப்ப கழட்டும்போதுதான் கவனிச்சேன் நான் சாக்ஸ் போடல. வெறுங்கால். மத்தவங்க அஞ்சு பேரும் பைல இருந்து புது வெள்ளை சாக்ஸ் எடுத்து அங்கயே மாத்துறாங்க, ஏற்கனவே போட்டிருந்த சாக்ஸ கழட்டிட்டு! அந்தப் பாய் மேல நம்ம கால் வேர்வை படக்கூடாதாம். ஒரு அம்மா ஓடிப்போயி எனக்கு ஒரு ஜோடி எடுத்துட்டு வந்தாங்க, என் சைஸ் பத்து, அது குதிகால் வரைக்குமே வரல, பாதிக் காலோட உள்ள போனேன்.

அடுத்தது காலு. நம்மதான் யோகா பண்ணிருக்கோமேன்னு வஜ்ராசனத்துல கெத்தா உக்காந்தேன், பத்து நிமிஷம் சுகம், இருபதாவது நிமிஷம் எறும்பு ஊருச்சு, அரை மணில காலே இல்ல. எல்லாரும் எந்திரிச்சாங்க, நானும் எந்திரிச்சேன், அதாவது மேல் பாதி மட்டும் எந்திரிச்சுது. பக்கத்துல இருந்த ஜப்பான்கார பெரியவர் மடில போய் விழுந்தேன். அவரு என்னை பிடிச்சுக்கிட்டு ‘மன்னிக்கணும் மன்னிக்கணும்’ங்கிறாரு, விழுந்தது நான், மன்னிப்பு கேக்குறது அவரு.

அதனால முடியலன்னா கால மாத்திக்கோங்க, சம்மணம் போட்டுக்கலாமான்னு ஆரம்பத்துலயே கேட்டுருங்க, யாரும் தப்பா நினைக்கல.

டோக்கியோ_தமிழச்சி

ஹாஹா மாம்பழம் ப்ரோ, எந்திரிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு கால் விரலையும் தரையில ஊனி குதிகால் மேல ஒரு அரை நிமிஷம் உக்காந்திருங்க, ரத்தம் இறங்கிரும், அப்புறம் ஒரு காலா எந்திரிங்க. எங்க வாத்தியாரம்மா முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே அதான், டீ எல்லாம் அப்புறம்தான்.

நெல்லை_அல்வா

நான் கொஞ்சம் மாத்தி சொல்றேன், யாரும் கோச்சுக்காதீங்க. டூரிஸ்ட்டுக்குன்னு நடத்துற 45 நிமிஷ செரிமனி எல்லாம் வேஷம்தான். ரெண்டு வருஷம் முன்ன நாங்க போனது கிமோனோ வாடகை, ஃபோட்டோ, டீ எல்லாம் சேத்து ஒரு பேக்கேஜ், ஒரு ரூம்ல இருபது பேரு, ஒரு பொண்ணு மைக் மாட்டிக்கிட்டு இங்கிலீஷ்ல வரலாறு ஒப்பிச்சுது, அப்புறம் ஆளுக்கு ஒரு கிண்ணம் கொடுத்து நீங்களே அடிங்கன்னாங்க. கட்டி கட்டியா வந்துச்சு. கடைசில கைதட்டினோம். காசுக்கு ரெண்டு நாள் சாப்பிட்டிருக்கலாம். உண்மையான செரிமனி நாலு மணி நேரம்னு அவங்களே சொல்றாங்க, அது நமக்கு கிடைக்காது, கிடைக்காதத கிடைச்ச மாதிரி ஏன் காட்டிக்கணும். நாற்காலி போட்டு பண்றதெல்லாம் வெளிநாட்டுக்காரனுக்காக கண்டுபிடிச்சதுதானே.

டோக்கியோ_தமிழச்சி

அல்வா அண்ணா, கடைசி வரி கரெக்ட்டுதான், ஆனா நீங்க நினைக்கிற மாதிரி இல்ல. வெளிநாட்டுக்காரங்களுக்காகத்தான் கண்டுபிடிச்சாங்க, 1872ல! கியோட்டோல ஒரு பெரிய கண்காட்சி நடந்தப்ப வெளிநாட்டு விருந்தாளிங்க கீழ உக்கார முடியாம கஷ்டப்படக் கூடாதுன்னு உராசென்கேவோட பதினோராவது தலைமை, கென்கென்சாய், மேசை நாற்காலி முறைய உருவாக்கினாரு. 150 வருஷத்துக்கு மேல ஆச்சு, இப்ப ஜப்பான்காரங்களும் அதுல உக்காருறாங்க. விருந்தாளிக்கு எது வசதியோ அத யோசிக்கிறதுதான் இதுல பாதி பாடமே.

பகட்டும் அதுக்கு ரொம்ப முன்னாடியே இருந்துச்சு. ஹிதேயோஷின்னு நாட்டையே கைல வெச்சிருந்தவன், தங்கம் போத்தின டீ ரூம் செஞ்சு வெச்சிருந்தான், கழட்டி எடுத்துட்டுப் போயி வேற இடத்துல மாட்டிக்கலாம். அவனுக்கு டீ வாத்தியாரா இருந்தவருதான் ரிக்யூ. அவரோடதுன்னு சொல்ற ரூம் ஒண்ணு கியோட்டோ பக்கத்துல யமாஸாகில இன்னும் நிக்குது, தைஆன், டீ போடுற இடத்தையும் சேத்து ரெண்டே பாய் அளவு, மண்ணு சுவரு. கடைசில 1591ல ஹிதேயோஷியே அவர வயித்த கிழிச்சுக்கிட்டு சாக சொல்லிட்டான். தாய்தோகுஜி கோயில் வாசல் மாடத்துல ரிக்யூவோட மரச்சிலைய வெச்சாங்க, அந்த வாசல் வழியா போனா நான் அவன் காலுக்கு அடியில போகணுமான்னு கோவம்னு ஒரு காரணம் சொல்வாங்க, நெசமான காரணத்துக்கு இன்னும் அடிச்சுக்கிறாங்க. கியோட்டோ போனா அந்தக் கோயில வெளிய இருந்து பாத்துட்டு வாங்க, நல்லா இருக்கும்.

ஆனா இருபது பேரு மைக்கு விஷயத்துல நான் உங்க கட்சி. ஆறு பேருக்கு மேல சேக்குற இடத்துக்கு போகவே போகாதீங்க. ஏன்னா அந்த ரூம்ல கேக்க வேண்டியது சத்தம்தான். இரும்புக் கெட்டில் அடில சின்ன இரும்புத் துண்டு ஒட்டி வெச்சிருப்பாங்க, தண்ணி கொதிக்கும்போது உஸ்ஸுன்னு ஒரு சத்தம் வரும், பைன் மரத்துல காத்து அடிக்கிற சத்தம்னு பேரு வெச்சிருக்காங்க. அகப்பைல சுடுதண்ணி மொண்டு ஊத்துறப்ப சத்தம் மொத்தையா இருக்கும், பச்சத்தண்ணி ஊத்துறப்ப கணீர்னு இருக்கும், கண்ண மூடிட்டே எதுன்னு சொல்லலாம். நான் ஒரு வருஷம் கழிச்சுதான் கவனிச்சேன். மைக்கு இருந்தா இது எங்க கேக்கும்.

கோவை_ஊர்சுத்தி

ரொம்ப நன்றி எல்லாருக்கும், அல்வா அண்ணனுக்கும்தான். வீட்டம்மா இப்ப பக்கத்துல உக்காந்து படிக்கிறாங்க, நாலு பேரு மட்டும்னு ஒரு இடம் பாத்துட்டாங்க. அவங்க கேள்வி ஒண்ணு: என்ன போட்டுக்கலாம், கிமோனோ எல்லாம் வேண்டாம், புடவை கட்டலாமா? நகை?

டோக்கியோ_தமிழச்சி

புடவை சூப்பர், தழைய தழைய கட்டாம இருந்தா போதும், கீழ உக்காந்து எந்திரிக்கிறப்ப மிதிபடாம பாத்துக்கணும். ஆனா நகைதான் முக்கியம், கேட்டது நல்லது. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் உள்ள போறதுக்கு முன்னாடி கழட்டிரணும். அது ஸ்டைலுக்காக இல்ல, கிண்ணத்துல கீறல் விழும். அவங்க கைல கொடுக்குற கிண்ணம் நேத்து வாங்கினதாவும் இருக்கலாம், முந்நூறு வருஷம் பழசாவும் இருக்கலாம், பாத்தா நமக்கு தெரியாது, பழசுதான் இன்னும் கோணலா இருக்கும். நீளமா செயின் போட்டிருந்தா ஜாக்கெட்டுக்குள்ள விட்டுக்கோங்க, குனிஞ்சு கிண்ணத்த பாக்குறப்ப டிங்குன்னு இடிக்கும், எனக்கே ஆச்சு, தாலிச்செயின், ரூமே திரும்பிப் பாத்துச்சு. மெட்டி பிரச்சனையே இல்ல, சாக்ஸுக்குள்ள இருக்கும்.

சென்ட்டு வேண்டாம், தலைல மல்லிகைப்பூவும் வேண்டாம், அங்க கிடைக்காது அது வேற. கரியோட சேத்து லேசா வாசனைப்பொருள் போட்டிருப்பாங்க, அத கெடுத்துரும்.

கிண்ணம் சுத்துறது ஒண்ணு மட்டும் சொல்லிருறேன். கிண்ணத்துக்கு முகம்னு ஒரு பக்கம் உண்டு, நல்லா இருக்குற பக்கம். டீ போடுறவங்க அந்த முகத்த உங்கள பாத்து வெப்பாங்க. அதுல வாய் வெக்க நமக்கு கூச்சம், அதனால இடது உள்ளங்கைல வெச்சு வலது கையால கடிகாரம் சுத்துற பக்கமா ரெண்டு தடவ கொஞ்சம் கொஞ்சமா திருப்பி, முகத்த ஒதுக்கிட்டு குடிக்கிறோம். குடிச்சிட்டு வாய் வெச்ச இடத்த விரலால துடைச்சு, விரல பேப்பர்ல துடைச்சு, திரும்ப பழைய மாதிரி திருப்பி வெக்கிறோம். இந்தக் காரணம் தெரிஞ்சா போதும், எத்தன தடவங்கிறது தானா வரும். உங்களுக்கு அப்புறம் உக்காந்திருக்கவங்க கிட்ட ‘ஒசாகி நி’ன்னு சொல்லுங்க, உங்களுக்கு முன்னாடி எடுத்துக்குறேன்னு அர்த்தம். நம்ம வீட்டு பந்தில பெரியவங்க இலைய பாத்துட்டுதானே கை வெப்போம்.

முதல் ஆளா மட்டும் உக்காந்துராதீங்க, அவருக்கு பேசுற பொறுப்பு இருக்கு, இந்தக் கிண்ணம் யாரு செஞ்சது, அந்த சுவர்ல தொங்குற எழுத்து என்னன்னு எல்லார் சார்பாவும் அவருதான் கேக்கணும்.

ஒசாகா_ஓரங்கட்டி

நவம்பர்ல போறீங்கன்னு யாரும் கவனிக்கலையா? டீக்காரங்களுக்கு நவம்பர்தான் புது வருஷம். மே மாசம் பறிச்ச இலைய ஜாடில சீல் வெச்சு மூடி வெச்சு நவம்பர்லதான் திறப்பாங்க. மே ல இருந்து அக்டோபர் வரைக்கும் தரைக்கு மேல இருந்த அடுப்பு, நவம்பர்ல இருந்து தரைய வெட்டி உள்ள இறக்கின அடுப்பா மாறும், குளிருக்கு விருந்தாளி பக்கத்துல நெருப்பு இருக்கணும்னு. இந்த மாசத்துல பன்றிக்குட்டி மோச்சின்னு ஒரு ஸ்வீட் கொடுப்பாங்க, பேர கேட்டு பதறாதீங்க, உருவம் மட்டும்தான் அப்படி, உள்ள அரிசியும் பயறும்தான்.

காசு கம்மியா வேணும்னா உஜிக்கு போங்க, கியோட்டோல இருந்து ட்ரெயின்ல அரை மணிக்குள்ள. பியோதோயின் கோயில், பத்து யென் காசுல இருக்கே அதே கோயில், அதுக்குப் பக்கத்துலயே உஜி நகராட்சி நடத்துற தைஹோஆன்னு ஒரு டீ ரூம் இருக்கு. பந்தா கிடையாது. பொடி அரைக்கிற கல் திருகையையும் அந்த ஊர்ல பாக்கலாம், ஒரு மணி நேரம் சுத்தினா 40 கிராம்தான் விழும், வேகமா சுத்தினா சூடாகி வாசனை போயிரும், விலை ஏன் அப்படின்னு அப்ப புரியும். சாயங்காலத்துக்கு மேல குடிக்காதீங்க, இலையையே சேத்து குடிக்கிறோம், ராத்திரி ரெண்டு மணிக்கு கொட்டக் கொட்ட முழிச்சிருப்பீங்க.

கோவை_ஊர்சுத்தி

போயிட்டு வந்தாச்சு! திரும்பி வந்து ஒரு வாரம் ஆச்சு.

மெயில்ல முட்டி, முட்டை ரெண்டையும் சொல்லியிருந்தோம். நாலே பேரு, எங்க மூணு பேர் கூட ஒரு ஜெர்மன்காரரு. நாங்க முட்டி போட்டு தவழ்ந்து உள்ள போனோம், நான் தலைய இடிச்சேன், உள்ள போயி நிமிர்ந்து பாத்தா அம்மா பெரிய மனுஷங்க வாசல் வழியா ஜம்முன்னு நடந்து வந்து எங்களுக்கு முன்னாடியே ஸ்டூல்ல உக்காந்திருக்காங்க. அதுக்கப்புறம் ரெண்டு நாளைக்கு எங்க கிட்ட பேசுற தோரணையே வேற.

வளையல் எல்லாம் ஹோட்டல்லயே கழட்டியாச்சு, ஆனா அம்மாவோட கல்யாண மோதிரம் வரல, முப்பத்தெட்டு வருஷமா கழட்டாதது, சோப்பு போட்டும் நகரல. கடைசில மருந்துக்கடைல பேண்டேஜ் வாங்கி மோதிரத்து மேல சுத்தி விட்டோம். டீ போட்ட அம்மாவுக்கும் எங்க அம்மா வயசுதான் இருக்கும், பேண்டேஜ பாத்துட்டு காயமான்னு கேட்டாங்க, வீட்டம்மா மோதிரம்னு சைகை காட்டினதும் அவங்களுக்கு சிரிப்பு, அப்புறம் கைய தரைல ஊனி நெத்தி தரைய தொடுற அளவுக்கு ஒரு கும்பிடு. அம்மா பதிலுக்கு ஸ்டூல்ல இருந்தே ரெண்டு கையும் கூப்பி கும்பிட்டாங்க.

ஸ்வீட்டு மேப்பிள் இலை மாதிரி சிவப்பும் மஞ்சளும் கலந்து இருந்துச்சு, அம்மா அத வெட்ட மனசில்லாம ரெண்டு நிமிஷம் பாத்துட்டே இருந்தாங்க. அதுக்கப்புறம் அந்தம்மா ஏற்கனவே பளபளன்னு இருக்குற டப்பாவ பட்டுத்துணில துடைக்கிறாங்க, துடைச்ச கரண்டிய மறுபடி துடைக்கிறாங்க, அம்மா என் காதுல ‘சுத்தமாத்தானே இருக்கு, ஏன்டா மறுபடி துடைக்கிறா’ன்னாங்க, நான் ஷ்ஷ்னேன், அவங்களே ஒரு நிமிஷம் கழிச்சு ‘ஓ நம்ம முன்னாடி துடைக்கிறாளா’ன்னுட்டு அப்புறம் வாயே திறக்கல. கெட்டில் சத்தம் கேட்டுச்சு தமிழச்சி, நெசமாவே கேட்டுச்சு, எங்க வீட்டு பழைய இட்லி குண்டான் ஆவி விடுற மாதிரின்னு எனக்கு தோணுச்சு, பைன் மரம் எல்லாம் நமக்கு தெரியாதே.

டீ: எனக்கு பிடிச்சுது, வீட்டம்மாவுக்கு ரொம்ப பிடிச்சுது. அம்மா முதல் வாய்க்கு கண்ண சுருக்கினாங்க, ரெண்டாவது வாய்க்கு ஒண்ணும் சொல்லல, கடைசி வாய உறிஞ்சின சத்தத்துக்கு ஜெர்மன்காரரு திரும்பிப் பாத்தாரு. அவரு பாதி கூட குடிக்கல.

ஒரே பிரச்சனை, அந்த மூங்கில் துடைப்பத்த பாத்ததுல இருந்து அம்மாவுக்கு அது மேல கண்ணு, மத்து மாதிரி இருக்கேன்னு. கடைசி நாள் ஒண்ணு வாங்கிட்டு வந்தோம், இப்ப அதுல மோர் கடையலாமான்னு கேக்குறாங்க. கடையலாமா?

டோக்கியோ_தமிழச்சி

அய்யோ மோர் வேண்டாம்னு சொல்லுங்க அண்ணா!! ஒரே மூங்கில் துண்ட கையால நூறு இழைக்கு பக்கமா சீவினது அது, நாராவுல தகாயாமான்னு ஒரு ஊர்ல ஐந்நூறு வருஷமா அதே வேலை பாக்குறாங்க, வெண்ணெய் ஒட்டினா அவ்ளோதான். குடிக்கிறதுக்கு முன்னாடி நுனிய மட்டும் வெதுவெதுப்பான தண்ணில கொஞ்ச நேரம் வைங்க, அப்பதான் உடையாது. சோப்பு போடவே கூடாது, வெறும் தண்ணில அலசி நிக்க வெச்சு காய வைங்க, டப்பாக்குள்ள ஈரத்தோட போட்டு மூடினா நம்ம ஊரு மழைக்கு பூஞ்சை பிடிச்சிரும்.

சேலத்து_மாம்பழம்

சாக்ஸ் எடுத்துட்டு போனீங்களா அத சொல்லுங்க முதல்ல

கோவை_ஊர்சுத்தி

ஆறு ஜோடி 😂 அம்மா மட்டும் தனியா ரெண்டு.